காத்தடிமேட்டு டவர்

அம்மாவும் என் மாமனாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு வெகு நாளாகியிருந்தது. சண்டை சீர் செய்ததைப் பற்றியோ சொத்தைப் பற்றியோ அல்ல. செல்போனுக்கு சிக்னல் எங்கேயிருந்து வர வேண்டும் என்பதைப் பற்றி.

அம்மா பூங்கோதை, கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் செய்கிற கம்பெனியை நடத்துகிறவர். மாமனார் தெய்வசிகாமணி நூற்பாலையை விற்றுவிட்டுப் புதுப்புதுத் தொழில்களில் பணம் போடுகிறவர். எனக்கும் நிதினுக்கும் கல்யாணம் முடிந்த கையோடு, "ரெண்டு குடும்பமும் சேர்ந்து ஏதாச்சும் பண்ணலாமுங்க சம்பந்தி" என்று மாமனார்தான் ஆரம்பித்தார். சேர்ந்துதான் போனார்கள், செல்போன் கம்பெனி தொடங்க. போன இடத்தில் இரண்டு விஞ்ஞானிக் கூட்டங்களைச் சந்தித்தார்கள். அம்மாவுக்கு ஒன்று பிடித்தது, மாமனாருக்கு இன்னொன்று பிடித்தது. அவ்வளவுதான், ஆளுக்கொரு கம்பெனி ஆகிவிட்டது.

மாமனாருடையது வான்மிதவை. ஒரு கல்யாண மண்டபம் அளவுக்கு வெள்ளி நிற பலூன். வெயிலில் மின்சாரம் எடுத்துக்கொண்டு மலைக்கு மேலே மிதக்கும். ஒரு தாலுகாவுக்கு ஒரு பலூன் போதும் என்பது அவர் வாதம்.

அம்மாவுடையது மெய்வலை. அதை அம்மா முதன்முதலாக விளக்கியது எங்கள் வீட்டு ஹாலில். கையில் கடிகாரம் போல ஒரு கறுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"டவரே வேண்டாம்ங்கறேன் சம்பந்தி. மனுச உடம்பு பூரா உப்புத்தண்ணி. அதைவிட நல்ல ஆன்டெனா எது? இந்தப் பட்டை உடம்புச் சூட்டுலயே ஓடும். எங்கிட்ட இருந்து உங்களுக்கு, உங்ககிட்ட இருந்து வாசல்ல இருக்கற வாட்ச்மேனுக்கு, அவருகிட்ட இருந்து ரோட்டுல போறவருக்கு. பேச்சு ஆள் மேல ஆளாத் தாவித் தாவிப் போயிரும்."

"கழட்டி மேசை மேல வெச்சா?"

"செத்துரும். உடம்புல இருந்தாத்தான் உசிரு. ஒருத்தர் உடம்பைப் பழகவே அதுக்கு ஒரு நாளாகும். உங்க பட்டையை நான் கட்டினா வேலை செய்யாது."

மாமனார் காபியை வைத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். "சரிங்க. நடுவால ஆளே இல்லைன்னா?"

"ஆளே இல்லாத எடத்துல யாருங்க பேசப் போறாங்க?"

"ஆளில்லாத காட்டுக்கு அந்தப் பக்கமா ஊரு இருக்குமே தங்கச்சி."

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. வழக்கமாகச் சொல்லும் "வரட்டுங்களா" கூடச் சொல்லாமல் கிளம்பிப் போனார். எனக்கு இரண்டு வீட்டிலும் சோறு வேண்டும் என்பதால் நான் பட்டையும் கட்டவில்லை, மிதவைப் போனும் வாங்கவில்லை. பழைய போனையே வைத்துக்கொண்டிருந்தேன்.

மலைத் தாலுகாக்கள் எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு முறையைத் தேர்ந்தெடுப்பது என்று அரசாங்கம் முடிவு செய்தபோது போட்டி முற்றியது. சோதனைக்கு வால்பாறையைக் கொடுத்தார்கள். டவுனுக்கு அப்பால் காத்தடிமேடு என்று ஒரு மேடு. அதைத் தாண்டினால் மூன்று தேயிலை எஸ்டேட்டுகள் ஒரு பள்ளத்தாக்கில் கிடக்கின்றன. யானைகள் போகிற வழி என்பதால் அங்கே டவர் கட்டவோ பெட்டி நடவோ வனத்துறை விடாது. அந்த மூன்று எஸ்டேட்டுக்கும் எவருடைய சிக்னல் ஒழுங்காகப் போகிறதோ அவருக்கே ஒப்பந்தம்.

முதலில் மாமனாரின் மிதவை ஏறியது. ஏறிய முதல் வாரம் பிரமாதம். எஸ்டேட்டில் இருந்தவர்கள் துபாய்க்கெல்லாம் வீடியோவில் பேசினார்கள். அப்புறம் தென்மேற்குக் காற்று ஆரம்பித்து ஒரு நாள் நின்று, ஒரு நாள் திசை மாறிச் சுழன்றது. மிதவை நகர்ந்து நகர்ந்து மலைமுகட்டைத் தாண்டிவிட்டது. ஒரு காலையில் வால்பாறைக்காரர்கள் எல்லோருடைய போனுக்கும், கேரளம் உங்களை அன்புடன் வரவேற்கிறது என்று மலையாளத்தில் செய்தி வந்தது. மிதவையைப் பிடித்துக் கொண்டுவர மாமனார் ஆட்களை அனுப்பினார். அம்மா எனக்குப் போன் போட்டு, "உங்க மாமனார்கிட்டக் கேளு, திருச்சூர்ப் பக்கம் புட்டு நல்லா இருக்குமாம், அப்படியே வாங்கிட்டு வரச் சொல்லு" என்றார். நான் அதைச் சொல்லவில்லை. ஆனாலும் அவருக்கு எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டது.

அடுத்து அம்மாவின் முறை. எஸ்டேட்டில் எல்லோருக்கும் பட்டை கொடுத்தார்கள். ஏமாற்று வேலை கூடாது என்பதற்காகச் சோதனையை நடத்திய அரசாங்கக் குழுவினர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். மெய்வலை கம்பெனி ஆட்கள் யாரும் டவுனைத் தாண்டி அந்தப் பக்கம் போகக்கூடாது. அங்கே வாழ்கிறவர்கள், வழியே போகிறவர்கள், இவர்களை வைத்தே வலை நிற்க வேண்டும்.

நின்றது. நன்றாகவே நின்றது. அதற்குக் காரணம் எஸ்தர்.

நான் பல் டாக்டர். மாதம் ஒரு முறை அந்த எஸ்டேட் ஆஸ்பத்திரியில் முகாம் போடுவேன். போகிற வழியில் காத்தடிமேட்டில் தகரக் கூரை போட்ட டீக்கடை ஒன்று உண்டு. கடையும் வீடும் அதுவேதான். எஸ்தர் அதில் தனியாக இருந்தார். நாற்பதை ஒட்டிய வயது. முன்பு கொழுந்து பறித்தவர். கணவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டார். அதைப் பற்றிக் கேட்டால், "போகட்டும் டாக்டர், வடை சாப்பிடுங்க" என்பார். மேட்டின் உச்சியில் டவுன் பக்கமும் எஸ்டேட் பக்கமும் தெரிகிற ஒரே இடம் அந்தக் கடைதான். டவுனிலிருந்து தாவி வருகிற பேச்சு எஸ்தர் மேல் இறங்கி, எஸ்தர் மேலிருந்து எஸ்டேட்டுக்குத் தாவியது. வேறு வழி இல்லை.

"பாருங்க டாக்டர்" என்று பட்டையைக் காட்டினார் ஒரு முறை. அதில் ஓர் எண் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. "இத்தனை பேரு இப்ப என் வழியாப் பேசிட்டு இருக்காங்க. என்ன பேசுறாங்கன்னு நமக்குக் கேக்காது. ஆனா போகுது, வருது. கலெக்டர் ஆபீஸ்ல உக்காந்த மாதிரி இருக்கு எனக்கு."

அடுத்த மாதம் போனபோது அந்தப் பெருமை பாதி குறைந்திருந்தது.

"ஓடைக்குக் குளிக்கப் போனேன். தலையில தண்ணி ஊத்துறதுக்குள்ள மூணு பொம்பளைங்க ஓடி வாராங்க. எக்கா, எங்க போன, என் மருமவன்கிட்டப் பேசிட்டு இருந்தேன், பாதியில அறுந்து போச்சுன்னு. குளிக்கிறதுக்கும் தண்டோரா போட்டுட்டுத்தான் போகணுமா?"

"வேற யாராச்சும் கொஞ்ச நேரம் வந்து உட்காரலாமே அக்கா?"

"கொழுந்து சீசன். ஒரு நாள் வரலைன்னா கூலி போச்சு. அவங்களை எப்படிக் கூப்பிடுறது? ஆட்டுக்குக் கட்டிப் பாத்தேன். அது கூடப் பழகிருச்சு, வேலை செஞ்சுது. ஆனா மேயப் போயிருது. கட்டிப் போட்டா பட்டையைத் தின்னுருச்சு."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஆனால் அவருக்கு உண்மையான வருத்தம் ஒன்று இருந்தது. எஸ்தர் ஜீப் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார். எஸ்டேட்டுகளுக்கும் டவுனுக்கும் ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்புகளை எல்லாம் ஆண்கள்தான் ஓட்டுகிறார்கள். பிரசவத்துக்குப் போகிற பெண்கள்கூட அவர்கள் வருகிறபோதுதான் போக வேண்டும். தனக்கென்று ஒரு ஜீப் வேண்டும் என்பது எஸ்தரின் ஆசை. லைசன்ஸ் டெஸ்ட்டுக்குப் பொள்ளாச்சி போக வேண்டும். இரண்டு முறை தேதி வாங்கி, இரண்டு முறையும் போகவில்லை. முதல் முறை எஸ்டேட் மேனேஜர் வீட்டில் ஏதோ விசேஷம், வலை அறுந்துவிடக் கூடாது என்று கெஞ்சினார்கள். இரண்டாம் முறை என் அம்மா சொல்லி அனுப்பினார்.

என் மூலமாகத்தான் சொல்லி அனுப்பினார். "நீ கம்பெனி ஆளு இல்லையே கண்ணு" என்று சொல்லியே, எஸ்தரின் வசதிக்காக கிரைண்டர், கம்பளி, சுடுதண்ணீர் இயந்திரம் எல்லாம் என் காரில் ஏற்றினார். அந்த மேட்டை விட்டு எஸ்தர் நகராமல் இருக்க என்னென்ன தேவையோ அத்தனையும். இது தெரிந்ததும் மாமனார் சும்மா இருப்பாரா? அவரும் என்னிடமே ஒரு உறை கொடுத்தனுப்பினார். வேளாங்கண்ணிக்குச் சுற்றுலா, ஏசி பஸ், தங்குமிடத்துடன். ஒருத்தி போக வேண்டும் என்று ஒருவர், இருக்க வேண்டும் என்று ஒருவர். எஸ்தர் கிரைண்டரை வைத்துக்கொண்டார். சுற்றுலாச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"மாதாவைப் பாக்கணும்னா நானே ஜீப்பை ஓட்டிட்டுப் போய்ப் பாப்பேன் டாக்டர்."

கடைசிச் சோதனை நாள் வந்தது. குழுவினர் வால்பாறை டவுனில் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து, எஸ்டேட் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாடுவதை மெய்வலை வழியாகத் திரையில் பார்ப்பார்கள். அதோடு முடிவு. எஸ்தருக்கு மூன்றாவது தேதி அதே நாளில் விழுந்தது.

"இந்த ஒரு தடவை மட்டும் தள்ளிப்போடச் சொல்லு சிந்து" என்றார் அம்மா. "அதுக்கப்புறம் ஜீப்பே வாங்கித் தர்றேன்."

நான் போய்ச் சொன்னேன். எஸ்தர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம் ஆற்றினார்.

"ஜீப்பு வாங்கி என்ன டாக்டர் பண்றது? அதை ஓட்டினா நான் இந்த இடத்தை விட்டு நகர்ந்துருவேனே. அப்ப அதையும் வேண்டாம்பாங்க."

அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது இதை நிதினிடம் சொன்னேன். எதிரில் மாமனார் தயிர் ஊற்றிக்கொண்டிருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும். அவர் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். பிறகு தெரிந்தது, எஸ்தருக்குப் போன் போட்டு, "அம்மணி, தேதியை விட்றாதீங்க. விடியறப்ப என் காரு உங்க கடை வாசல்ல நிக்கும்" என்று சொல்லியிருக்கிறார்.

சோதனை நாளன்று காலையில் மாமனார் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, மிகுந்த உற்சாகத்துடன் என் காரில் ஏறினார். "உன் முகாமுக்கு நானும் வர்றேன் அம்மணி. மலைக் காத்து வாங்கி நாளாச்சு." அவர் வலது கையில் கறுப்புப் பட்டை இருந்தது.

"மாமா, இது அம்மா கம்பெனிப் பட்டையாச்சே?"

"முந்தாநாளே வாங்கிக் கட்டிட்டேன். நல்லாப் பழகிருச்சு. வலை நின்னா பச்சை, அறுந்தா செவப்பாமே. அந்தப் பச்சை லைட்டு செவப்பாகறதை என் கண்ணால பாக்கணுமல்ல?"

அவரைத் திட்டலாம் என்று நினைத்தேன். ஆனால் அவர் முகத்தில் பரீட்சைக்கு லீவு விட்ட பையனின் மகிழ்ச்சி இருந்தது. தவிர, எஸ்தர் பொள்ளாச்சி போனதில் எனக்குள்ளும் ஒரு நிம்மதி. காரைக் கிளப்பினேன்.

காத்தடிமேட்டில் பனி இறங்கியிருந்தது. எஸ்தரின் கடை பூட்டிக் கிடந்தது. மாமனார் வெளியே கிடந்த பெஞ்சைத் துண்டால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். கையைத் தூக்கிப் பட்டையைப் பார்த்தார். பச்சை.

"கொஞ்ச நேரம் ஆகும்போல."

கொஞ்ச நேரம் ஆயிற்று. பச்சையாகவே இருந்தது. அதில் ஓர் எண் தெரிய ஆரம்பித்து மளமளவென்று ஏறியது. மாமனார் எழுந்தார்.

"உங்கம்மா வேற யாரையோ ஒளிச்சு வெச்சிருக்காங்க. நிபந்தனையை மீறிட்டாங்க பாத்தியா!"

கடைக்குப் பின்னால் ஒரு பள்ளம் இறங்குகிறது. அங்கே யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்று பார்க்க இறங்கினார். இறங்கியதும் ஒரு கூவல். "செவப்பு! அம்மணி, செவந்துருச்சு!" வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடோடி மேலே வந்தார், எனக்குக் காட்டுவதற்காக. காட்டும்போது பச்சை. மறுபடி இறங்கினார், சிவப்பு. ஏறினார், பச்சை. மூன்றாவது முறை இறங்கப் போனபோதுதான் எனக்குப் புரிந்தது. சிரிப்பை அடக்க முடியவில்லை.

"மாமா, இங்க யாரும் ஒளிஞ்சிருக்கலை. நீங்கதான் டவர்."

அவர் அப்படியே நின்றார். பட்டையைப் பார்த்தார். டவுன் பக்கம் பார்த்தார். எஸ்டேட் பக்கம் பார்த்தார். எஸ்தர் போன பிறகு விடியலிலிருந்து செத்துக் கிடந்த வலையை, அது சாவதை வேடிக்கை பார்க்க வந்த அவரே உயிர்ப்பித்திருந்தார். மண்டபத்தில் அம்மாவின் ஆட்கள் இந்நேரம் சாமிக்கு நன்றி சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அதே சமயம் பட்டை ஒலித்தது. அம்மா. அந்த அமைதியில் எனக்கும் தெளிவாகக் கேட்டது.

"சம்பந்தி, நீங்கதான் அந்தப் பொண்ணைக் கார் வெச்சுக் கூட்டிட்டுப் போனீங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா பாருங்க, வலை வந்துருச்சு. நடுவால ரெண்டு தடவை வெட்டுச்சு, இப்ப நிக்குது. என் மெய்வலையை உங்களால ஒண்ணும் பண்ண முடியாது." சற்று நிறுத்தினார். "ஆமா, நீங்க எங்க இருக்கீங்க? பழைய நம்பரு போகலை. இது நம்ம பட்டை நம்பராச்சே?"

மாமனார் என்னைப் பார்த்தார். நான் தேயிலைச் செடிகளைப் பார்த்தேன்.

"சும்மா... காத்து வாங்கிட்டு இருக்கேனுங்க" என்று வைத்துவிட்டார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காரை நோக்கி நடந்தார். "கெளம்பு அம்மணி. நாம போயிட்டா ஒழுங்கா அறுந்துரும்."

கார்க் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தார். அப்போது பட்டை அதிர்ந்தது. மணியடிப்பது போல அல்ல, யாரோ கையைப் பிடித்து உலுக்குவது போல. திரையில் எழுத்துகள் ஓடின. நான் எட்டிப் படித்தேன்.

*உங்கள் வழியாக ஓர் அவசரப் பேச்சு போய்க்கொண்டிருக்கிறது. தயவுசெய்து இடத்தை விட்டு நகர வேண்டாம்.*

"யாரு பேசறாங்க?" என்றார்.

"தெரியாது மாமா. அது சொல்லாது."

"என்ன அவசரம்?"

"அதையும் சொல்லாது."

ஒரு கால் காருக்குள், ஒரு கால் சேற்றில். எந்தத் தொழிலிலும் இரண்டு நிமிடத்தில் முடிவெடுப்பவர் என்று பெயர் வாங்கிய மனிதர் அன்று முடிவெடுக்க அவ்வளவு நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. காலை வெளியே எடுத்தார். பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

"நீ ஆஸ்பத்திரிக்குப் போய் என்னன்னு பாரு. நான் இங்கயே இருக்கேன்."

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கூட்டம் நின்றிருந்தது. உள்ளே கட்டிலில் பள்ளிக்கூட வாத்தியார் லூர்துராஜ். பிள்ளைகளைப் பாடுவதற்கு வரிசையாக நிறுத்த மரத்தடியைச் சுத்தம் செய்தபோது கதண்டு என்கிற பெரிய விஷக் குளவியின் கூட்டைக் கலைத்துவிட்டார். பிள்ளைகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, அத்தனை கொட்டுகளையும் அவரே வாங்கியிருக்கிறார். முகம் அடையாளம் தெரியாமல் வீங்கியிருந்தது. மூச்சு விசிலடித்தது. எஸ்டேட் டாக்டர் ஊரில் இல்லை. நர்ஸ் கலாவதி பட்டையிலிருந்து விரிந்த திரையில் கோயம்புத்தூர் டாக்டர் ஒருவரைப் பார்த்துக்கொண்டே மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "டாக்டர், கையைப் பிடிச்சுக்கோங்க" என்றார். நான் பிடித்துக்கொண்டேன். முதல் ஊசி போதவில்லை. திரையிலிருந்த டாக்டர் மூச்சைக் கவனித்து, அளவை மாற்றச் சொல்லி, இரண்டாவது போடச் சொன்னார். குளுக்கோஸ் டிரிப் ஏற ஏற, அவர் திரையை விட்டு அசையவே இல்லை. நர்ஸும் அசையவில்லை. மேட்டில் ஒருவர் அசையாமல் உட்கார்ந்திருப்பதை நான் மட்டுமே அறிவேன்.

ரொம்ப நேரத்துக்குப் பிறகு விசில் சத்தம் தணிந்தது. வாத்தியார் வீங்கிய உதட்டைத் திறந்து கேட்டது ஒன்றே ஒன்று. "பிள்ளைங்க பாடிட்டாங்களா?"

நான் திரும்பி மேட்டுக்கு வந்தபோது மழை பெய்து ஓய்ந்திருந்தது. தகரக் கூரை ஒழுகும் இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்து மாமனார் உட்கார்ந்திருந்தார். தலை முதல் கால் வரை நனைந்திருந்தார். கணுக்காலில் அட்டைகள் கருந்திராட்சை போலத் தொங்கின.

"அட்டை, மாமா!"

"தெரியும். குனிஞ்சா நகர்ந்த மாதிரி ஆயிருமோன்னு பயமா இருந்துச்சு." "என்னாச்சு?"

"பொழைச்சுட்டார். பள்ளிக்கூட வாத்தியார். கதண்டு கொட்டிருச்சு. பேச்சு முடிஞ்சுது மாமா, எந்திரிக்கலாம்."

அவர் பட்டையைப் பார்த்தார். அவசரச் செய்தி போய்விட்டிருந்தது. எழுந்த வேகத்தைப் பார்த்து நான் பயந்துவிட்டேன். கடைக்குப் பின்னால் பள்ளத்தில் ஓடினார். திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு தெளிவு.

"டீ குடிச்சுட்டு வந்தது தப்பாப் போச்சு" என்றார்.

காரில் வரும்போது அட்டை கடித்த இடத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டார். டவுன் நெருங்கும்போது கேட்டார். "அந்தப் பொண்ணு இப்படி எத்தனை நாளாம்மா உக்காந்திருந்துச்சு?"

நான் சொன்னேன். கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மண்டபத்தில் அம்மா துவண்டு போய் உட்கார்ந்திருந்தார். அவசரப் பேச்சுக்கு வழி விட்டதால் பிள்ளைகளின் பாட்டு வரவே இல்லை. குழுவினரும் அவரும் காலி திரையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஈர வேட்டியும் ரத்தக் கறைத் துண்டுமாக மாமனார் உள்ளே நுழைந்ததும் அம்மா எழுந்துவிட்டார்.

"அய்யோ, என்னங்க சம்பந்தி இது? யாரு அடிச்சா?"

"உங்க வலைதானுங்க" என்றார் மாமனார்.

நடந்ததை நான் சொன்னேன். குழுத் தலைவியான அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "எங்க நிபந்தனையில மெய்வலை ஆட்கள் போகக்கூடாதுன்னுதான் இருக்கு. போட்டிக் கம்பெனிக்காரர் போய் உட்காரக்கூடாதுன்னு எழுத எங்களுக்குத் தோணலையே" என்றார். பிறகு அம்மாவிடம் திரும்பினார். "இவர் அங்க இல்லைன்னா அந்த வாத்தியார் என்ன ஆகியிருப்பார்?"

அம்மா பேசுவதற்கு முன் யோசித்ததை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

"பேச்சு போயிருக்காதுங்க" என்றார் கடைசியில். "ஒரு பொண்ணை அங்க உக்கார வெச்சு, கிரைண்டரும் கம்பளியும் கொடுத்தா சரியாப் போச்சுன்னு நெனச்சுட்டேன். மெய்வலையை மட்டும் நம்பிக் கொடுத்துராதீங்க. ஒருத்தர் எந்திரிச்சா அறுந்து போகும். எந்திரிக்காதன்னு சொல்ல எனக்கு உரிமை இல்லை."

எல்லோரும் மாமனாரைப் பார்த்தோம். இதைவிட நல்ல தருணம் அவருக்குக் கிடைக்காது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அதை அப்படித் தள்ளிறக் கூடாதுங்க. என்னோட மிதவை இருந்திருந்தா? காத்தடிச்சிருந்தா அது பாட்டுக்குக் கேரளா போயிருக்கும். நகராதேன்னு அதுகிட்ட யாரு சொல்றது? சொன்னாலும் அதுக்கு என்ன தெரியும்? எனக்குச் சொன்னாங்க. யாருன்னே தெரியலை, ஆனா ஒக்காந்துட்டேன். சம்பந்தியோட வலையை வேண்டாம்னு ஒதுக்கிறாதீங்க."

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு நிமிஷம். யாரு யாருக்காக வாதாடுறீங்க?"

மண்டபமே சிரித்தது. முடிவு அன்றே சொல்லப்படவில்லை. சில வாரங்கள் கழித்து வந்தது. தனித்தனியாக யாருக்கும் கிடையாது, சேர்ந்து வந்தால் தருகிறோம் என்றது. ஆளில்லாத மேடுகளுக்கு மேலே மிதவை, மிதவை நகர்ந்துவிட்டால் கீழே மனிதர்கள். அதோடு ஒரு புது விதி. ஒரே ஓர் ஆள் மீது நிற்கிற வலை எங்கேயும் இருக்கக்கூடாது. இந்த விதியை எழுதிக் கொடுத்ததே என் மாமனார்தான்.

சேர்வதற்கு ஒப்புக்கொண்டார்கள், ஆனால் பெயருக்குச் சண்டை. மெய் முன்னால் வருவதா, வான் முன்னால் வருவதா என்று இரண்டு வீட்டிலும் எனக்குத் தனித்தனியாகப் பாடம் நடந்தது.

எஸ்தர் அன்று பொள்ளாச்சியில் எட்டுப் போட்டு, ஒரே முறையில் தேறிவிட்டார். அம்மா ஜீப் வாங்கித் தர முன்வந்தபோது, "இனாம்னா வேண்டாம்மா, நான் உக்காந்திருந்ததுக்குக் கூலின்னா வாங்கிக்கிறேன்" என்றார். கூலியாகவே கொடுக்கப்பட்டது. கடையைத் தன் சிநேகிதி ஒருத்திக்கு விட்டுவிட்டார்.

புது வலையைத் தொடங்கி வைக்கிற நாளில் அந்த ஜீப்பில்தான் நாங்கள் மலையேறினோம். எஸ்தர் ஓட்டினார், நான் பக்கத்தில். பின்னால் சம்பந்திகள் இருவரும். ஆழியாறு தாண்டியதுமே ஆரம்பித்துவிட்டார்கள்.

"மிதவையில்லாம உங்க பட்டை என்ன பண்ணுமுங்க?"

"ஏனுங் சம்பந்தி, அப்ப மழையில அட்டை கடிக்க ஒக்காந்திருந்தது உங்க மிதவைங்களா?"

"பெயர்ப் பலகையில வான் சின்னதா இருக்குதே, அது யாரு பண்ணுன வேலை?"

"வானம் தூரத்துல இருக்குதுங்க, அதனால சின்னதாத் தெரியுது."

நான் திரும்பிப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தேன். எஸ்தர் கியரை மாற்றினார். கண்ணாடியில் பின்னால் ஒரு முறை பார்த்தார்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் பேசாம வாங்க" என்றார். "வளைவு வருது."

பேசாமல் வந்தார்கள். இரண்டு கம்பெனிகளை நடத்தி, இத்தனை அதிகாரிகளைச் சமாளித்தவர்கள், கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல. எஸ்தர் ஹாரனை நீளமாக அடித்துவிட்டு ஜீப்பை வளைவில் திருப்பினார்.